பீரோவில் 3,000 ஸ்லைடுகள்... எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

"அப்பா எடுத்த ஸ்லைடு எல்லாம் அப்படியே இருக்கு. நல்ல ஸ்கேனரா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்களேன்..."

இப்படிக் கேட்கிறவர்களிடம் முதலில் நான் திருப்பிக் கேட்பது, "எத்தனை ஸ்லைடு இருக்கு?" என்றுதான். பெரும்பாலும் சரியான பதில் வராது. "ரெண்டு பெட்டி இருக்கும்" என்பார்கள். "ஒரு சூட்கேஸ் நிறைய" என்பார்கள். எந்த ஸ்கேனர் என்பதை முடிவுசெய்வது அதன் பிராண்டோ விலையோ அல்ல, இந்த எண்ணிக்கைதான். கூடவே இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தப் படங்களில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லக்கூடியவர் இப்போது வீட்டில் இருக்கிறாரா, அவருக்கு என்ன வயது?

இந்தத் தலைமுறைக்கு ஒரு சின்ன விளக்கம். ஸ்லைடு என்பது நெகட்டிவ் அல்ல. நெகட்டிவ்வில் நிறங்கள் தலைகீழாக இருக்கும். ஸ்லைடில் வானம் நீலமாகவே இருக்கும். 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள ஃபிலிம் துண்டை, இரண்டு அங்குலச் சதுர அட்டை அல்லது பிளாஸ்டிக் சட்டத்துக்குள் வைத்திருப்பார்கள். புரொஜெக்டரில் போட்டால் சுவர் முழுக்கப் படம் விரியும். 70, 80-களில் வெளிநாட்டில் வேலைபார்த்துத் திரும்பியவர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள், மருத்துவர்கள், கோயில் சிற்பங்களைத் தேடித் தேடிப் படமெடுத்தவர்கள், காட்டுயிர்ப் படக்காரர்கள்... நம் ஊரில் ஸ்லைடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். சாதாரண வீடுகளில் நெகட்டிவ்தான் அதிகம். கீழே சொல்வதில் பெரும்பகுதி நெகட்டிவுக்கும் பொருந்தும்.

முதல் கணக்கு: நிமிடங்கள்

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர். வயது 82. 30 வருட வகுப்புக்காகவும் களப்பயணங்களிலும் எடுத்த ஸ்லைடுகள் 3,200. மகன் ஆசையாக ஒரு நல்ல ஃபிலிம் ஸ்கேனர் வாங்கினார். தரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால், ஒரு ஸ்லைடைத் துடைத்து, உள்ளே வைத்து, ஸ்கேன் செய்து, சேமித்து அடுத்ததை எடுக்க நான்கு நிமிடம். 3,200 ஸ்லைடுக்கு 12,800 நிமிடம், அதாவது 213 மணி நேரம். வாரக் கடைசியில் மட்டும் உட்கார்ந்ததில் நான்கு மாதத்தில் 600-ஐத் தாண்டவில்லை. அதற்குள் அப்பாவுக்குக் கண் பார்வை மங்க ஆரம்பித்துவிட்டது. எந்தப் பூ, எந்த மலை, பக்கத்தில் நிற்கும் மாணவர் யார் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

பிறகு மகன் திட்டத்தையே மாற்றினார். தன்னிடம் ஏற்கெனவே இருந்த கேமராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி, மிச்சமிருந்த 2,600 ஸ்லைடுகளையும் மூன்று வாரக் கடைசிகளில் படமெடுத்து முடித்தார். டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்ட, அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குரலை செல்போனில் பதிவு செய்துகொண்டார்கள். முதலில் வாங்கிய ஸ்கேனரும் வீணாகவில்லை. அதில் சிறந்த 200 படங்கள் மட்டும் இப்போது நிதானமாக ஏறிக்கொண்டிருக்கின்றன.

ஸ்லைடுகள் ஆயிரத்தைத் தாண்டினால் நான் எல்லோருக்கும் சொல்வது இந்த இரண்டு சுற்று முறையைத்தான். முதல் சுற்று வேகத்துக்கு, இரண்டாவது சுற்று தரத்துக்கு. "ஒரே தடவையில் உச்சபட்சத் தரத்தில் எல்லாத்தையும் முடிச்சிடுவேன்" என்று ஆரம்பிக்கிறவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஸ்கேனர் பரணுக்குப் போகும், ஸ்லைடு பழையபடி பீரோவுக்கே போகும்.

எண்ணுங்கள், கழியுங்கள்

எண்ணுவது கஷ்டமில்லை. 36 படம் எடுக்கும் ஃபிலிம் ரோல் ஒவ்வொன்றும் ஒரு சிறு பெட்டியாகத்தான் லேபிலிருந்து வரும். கோடாக் கரூசல் வட்டத் தட்டு இருந்தால், வழக்கமான தட்டில் 80 ஸ்லைடு. பெட்டிகளை எண்ணிப் பெருக்கினாலே ஓரளவு தெரிந்துவிடும்.

அடுத்தது கழித்தல். டேப்லெட் அல்லது லேப்டாப் திரையை முழு வெள்ளையாக வைத்து, மேலே ஒரு பால்வெள்ளை அக்ரிலிக் துண்டை வையுங்கள். அதன் மேல் 20 ஸ்லைடுகளைப் பரப்பிப் பார்க்கலாம். பழைய கேமராவின் 50 மி.மீ லென்ஸ் கிடந்தால் தலைகீழாகப் பிடித்துக் கண்ணில் வைத்துப் பாருங்கள், அதுவே அருமையான பூதக்கண்ணாடி. ஒரே காட்சியின் ஐந்து பிரதிகள், மங்கலானவை, விமான ஜன்னல் வழியாக எடுத்த மேகங்கள் என ஒதுக்கிக்கொண்டே வந்தால் 3,000 என்பது 1,200 ஆகிவிடும். ஒதுக்கியதைத் தூக்கிப் போட வேண்டாம், தனிப்பெட்டியில் இருக்கட்டும்.

இயற்கைக் காட்சியை விட மனிதர்கள் உள்ள படத்துக்கு முன்னுரிமை கொடுங்கள் என்பது என் கட்சி. தாஜ்மஹாலை உங்கள் தாத்தாவைவிட நன்றாக எடுத்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு. தாஜ்மஹால் முன்னால் நிற்கும் பாட்டியை எடுத்தவர் அவர் ஒருவர்தான்.

டி.பி.ஐ என்னும் விளம்பரக் கணக்கு

ஸ்கேனர் அட்டைப்பெட்டியில் 6400 டி.பி.ஐ, 7200 டி.பி.ஐ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகளைப் பதிவு செய்கிறது என்பதுதான் டி.பி.ஐ. ஆனால், புள்ளி எண்ணிக்கை வேறு, அந்தப் புள்ளிகளுக்குள் உண்மையில் இருக்கும் விவரம் வேறு. பெட்டியில் 6400 போட்டிருக்கும் எப்சன் வி600 போன்ற மேஜை ஸ்கேனரைச் சோதனை அட்டை வைத்து அளந்தால், உண்மையான விவரம் 1,500, 1,600 டி.பி.ஐ அளவில்தான் நிற்கிறது. வி850 ப்ரோவில் 2,300 சொச்சம். 7200 என்று சொல்லும் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ, 3,200 சொச்சம் தருகிறது. நிகான் கூல்ஸ்கேன்கள்தான் கிட்டத்தட்ட சொன்ன சொல் தவறாதவை. 4000 என்றால் ஏறக்குறைய அந்த அளவே கிடைக்கும்.

இவ்வளவும் நமக்குத் தேவையா? 2400 டி.பி.ஐ-யில் ஸ்கேன் செய்த ஸ்லைடு சுமார் 77 லட்சம் புள்ளிகள், அதாவது 7.7 மெகாபிக்சல். 4கே டிவி முழுக்கக் காட்ட வேண்டிய 8.3 மெகாபிக்சலுக்கு ரொம்பப் பக்கம். 11 அங்குல அகலத்துக்கு அருமையாக பிரின்ட் போடலாம். 4000 டி.பி.ஐ என்றால் 21 மெகாபிக்சல். சுவரில் மாட்டும் பெரிய படம், புத்தகத்தில் அச்சாகும் படம், கூட்டத்துக்குள் ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டிய படம் - இவற்றுக்கு அது பயன்படும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் ஃபிலிமின் மணல்மணிகளைத்தான் பெரிதாக்கிப் பார்ப்போம். 

டி.பி.ஐ-யைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கறுப்புக்குள் இருக்கும் விவரம். ஸ்லைடின் இருட்டுப் பகுதி, நெகட்டிவ்வின் இருட்டைவிட மிக அடர்த்தியானது. வெயிலில் மின்னும் கோபுரமும், நிழலில் கிடக்கும் மண்டபமும் ஒரே படத்தில் இருந்தால், மலிவான கருவி மண்டபத்தைக் கரிப்பூச்சாக ஆக்கிவிடும். புரொஜெக்டரில் தெரிந்த தூண் சிற்பம் ஸ்கேனில் காணாமல் போகும். கருவியைச் சோதிக்க வேண்டுமானால் உங்களிடம் உள்ளதிலேயே மிக இருட்டான ஸ்லைடைப் போட்டுப் பாருங்கள். நல்ல வெளிச்சமான படம் எந்தக் கருவியிலும் நன்றாகத்தான் வரும்.

கடையில் என்னென்ன இருக்கின்றன?

சின்னத் திரையோடு வரும் குட்டிப் பெட்டிகள் ஆன்லைனில் நிறைய. கோடாக் பெயரில் விற்கும் 'ஸ்லைடு அண்ட் ஸ்கேன்' இந்த வகைதான். உள்ளே இருப்பது ஸ்கேனர் அல்ல, ஒரு சின்ன கேமரா. ஸ்லைடைத் தள்ளி பட்டனை அமுக்கினால் சில நொடிகளில் படம். 14 மெகாபிக்சல் சென்சாரில் எடுத்ததை 22 மெகாபிக்சலாக ஊதிக் காட்டுவார்கள். ஜேபெக் கோப்பு மட்டும்தான் கிடைக்கும், நிழல் பகுதி போய்விடும், தூசியை நீக்கும் வசதி கிடையாது. ஆனாலும் நான் இதை அடியோடு ஒதுக்க மாட்டேன். கேமரா பழக்கம் இல்லாத வீட்டில் முதல் சுற்றுக்கு, அதாவது யார் எவர் என்று பார்த்துப் பெயர் எழுத, இது போதும். அதையே கடைசிப் பிரதியாக வைத்துக்கொண்டு ஸ்லைடைக் கடாசிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

மேஜை ஸ்கேனர் வாங்கும்போது கவனிக்க வேண்டியது மூடியை. காகிதம் மட்டும் ஸ்கேன் செய்யும் சாதாரண ஆல்-இன்-ஒன் பிரின்டர் ஸ்லைடுக்கு உதவாது. மூடிக்குள்ளும் விளக்கு இருக்க வேண்டும், ஒளி ஸ்லைடை ஊடுருவி வர வேண்டும். வி600-ல் ஒரு தடவைக்கு நான்கு ஸ்லைடு, வி850-ல் 12 ஸ்லைடு வைக்கலாம். வைத்துவிட்டு நீங்கள் சமையலைப் பார்க்கலாம், அது பாட்டுக்கு ஓடும். வீட்டில் ஸ்லைடு, பெரிய சைஸ் நெகட்டிவ், ஆல்பம், தாத்தாவின் டைரி என எல்லாம் கலந்து கிடந்தால் இதைவிட வசதியானது வேறில்லை. ஸ்லைடு மட்டும்தான் என்றால் இதற்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்.

ஃபிலிமுக்கென்றே செய்த பிளஸ்டெக் மாதிரி சிறு ஸ்கேனர்கள் தரத்தில் ஒரு படி மேல். செருகிப் பிடிக்கும் தட்டில் நான்கு ஸ்லைடு போகும், ஆனால் ஒவ்வொன்றையும் நீங்களே கையால் நகர்த்த வேண்டும். 200, 300 ஸ்லைடு உள்ள வீட்டுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். ஆயிரத்துக்கு மேல் என்றால் மேலே சொன்ன பேராசிரியர் வீட்டுக் கதைதான்.

மொத்தமாக வாங்கிக்கொண்டு தானாகத் தள்ளும் ஸ்கேனர்களும் உண்டு. ரிஃப்ளெக்டா டிஜிட்டையா வகை, பழைய புரொஜெக்டரின் நீளத் தட்டை அப்படியே ஏற்றுக்கொள்ளும். பசிஃபிக் இமேஜ் பவர்ஸ்லைடு, நிகான் கூல்ஸ்கேன் 5000-க்கான தனி ஃபீடர் ஆகியவற்றில் ஒரு தடவைக்கு 50 ஸ்லைடு. கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால், சட்டம் எல்லாம் ஒரே கனத்தில், நேராக இருக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் 40 வருடம் கிடந்த அட்டைச் சட்டம் அப்பளம் மாதிரி வளைந்திருக்கும். இரண்டு ஒட்டிக்கொண்டு உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். "ராத்திரி போட்டுட்டுத் தூங்கலாம்" என்ற கனவு மூன்றாவது ஸ்லைடிலேயே கலையலாம். பிளாஸ்டிக் சட்டம் மட்டும் ஆயிரக்கணக்கில் இருந்தால் தைரியமாக இறங்கலாம். வேலை முடிந்ததும் விற்றுவிடலாம், இவற்றுக்கு வாங்க ஆள் உண்டு.

கேமராவே ஸ்கேனர்

வீட்டில் லென்ஸ் மாற்றும் கேமரா இருந்தால் கடைக்குப் போவதற்கு முன் இதை யோசியுங்கள். தேவை ஒரு மேக்ரோ லென்ஸ், சரிசமமான வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி பலகை, கேமராவைக் கீழ்நோக்கிப் பிடிக்க ஒரு ஸ்டாண்ட். நிகானின் இ.எஸ்-2 போன்ற அடாப்டர் லென்ஸின் முன்னாலேயே திருகிக்கொள்ளும், ஸ்டாண்டே வேண்டாம். எந்த லென்ஸுக்குப் பொருந்தும் என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

எல்.இ.டி பலகையில்தான் பலர் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். அங்கே பிடிக்கக் கூடாது. நிறத்தை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 95-க்கு மேல் இருக்கட்டும். குறைந்தால் முகங்கள் பச்சையடித்துக் கிடக்கும், எந்த மென்பொருளிலும் முழுசாகச் சரியாகாது.

கேமரா ஸ்லைடுக்கு நேர்மேலே இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: ஸ்லைடு வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் சரியாக விழுந்தால் நேராக இருக்கிறது என்று அர்த்தம். அறை விளக்கை அணையுங்கள். ஐ.எஸ்.ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8, ரா கோப்பு, வெள்ளைச் சமநிலையை எல்.இ.டி-க்கு ஏற்றபடி ஒரே இடத்தில் பூட்டிவிடுங்கள். கேபிள் அல்லது செல்போன் ஆப் மூலம் கிளிக் செய்யுங்கள், கை படக்கூடாது. இருவர் உட்கார்ந்து, ஒருவர் ஊதிக் கொடுக்க இன்னொருவர் வைத்து எடுத்தால் மணிக்கு 150 என்பது சாதாரணம்.

குறை என்னவென்றால், தூசி. கேமராவுக்கு அது தெரியாது. ஸ்கேனரில் அதற்கு ஒரு வித்தை உண்டு.

தூசியைக் கண்டுபிடிக்கும் சிவப்பு ஒளி

நல்ல ஸ்கேனர்கள் கண்ணுக்குத் தெரிகிற நிறங்களோடு, அகச்சிவப்பு ஒளியிலும் ஒரு தடவை ஸ்லைடைப் பார்க்கும். வண்ண ஃபிலிமின் சாயங்கள் அகச்சிவப்பைத் தடுக்காது, அப்படியே விட்டுவிடும். தூசியும் கீறலும் தடுக்கும். ஆக, அந்தப் பிரதியில் தெரிகிற புள்ளிகள் எல்லாம் அழுக்கு என்று தெரிந்துவிடும். மென்பொருள் அந்த இடங்களை மட்டும் சுற்றியுள்ள நிறத்தால் நிரப்பும். 'டிஜிட்டல் ஐஸ்' என்ற பெயரில் பார்த்திருப்பீர்கள். தூசி படிந்த ஸ்லைடு 500 இருந்தால், கையால் ஒவ்வொரு புள்ளியாக அழிக்கும் வேலையிலிருந்து இது காப்பாற்றும். பிளஸ்டெக் வாங்கும்போது பெயர் முடிவில் 'ஐ' இருக்கிறதா என்று பாருங்கள். 8200ஐ-யில் இந்த வசதி உண்டு, 8100-ல் கிடையாது.

இரண்டு இடத்தில் இந்த வித்தை பலிக்காது. ஒன்று, கறுப்பு வெள்ளை. அதில் படமே வெள்ளித் துகள்தான். வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுக்கும் என்பதால் தாத்தாவின் மீசையையே தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ரோல்களில் எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ் வைத்திருப்பவர்கள், அதை ஸ்கேன் செய்யும்போது அகச்சிவப்பை அணைத்துவிடுங்கள். இன்னொன்று, கோடாக்ரோம். 1935-ல் வந்து 2009-ல் நிறுத்தப்பட்ட இந்த ஃபிலிமின் சாயம் வேறு ரகம். பெரும்பாலான ஸ்கேனர்களில் இமை, தலைமுடி மாதிரி நுண்ணிய விளிம்புகள் உடைந்து வரும். சட்டத்திலேயே கோடாக்ரோம் என்று அச்சடித்திருக்கும். ஒன்றிரண்டைச் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கோடாக்ரோமில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. இருட்டில் வைத்திருந்தால் நிறம் அசையாது. 50 வருடத்துக்கு முந்தைய சிவப்புப் பட்டுப்புடவை இன்றும் சிவப்பாகவே இருக்கும். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அடிக்கடி போட்டால்தான் சீக்கிரம் வெளுக்கும். அதே காலத்துப் பழைய எக்டாக்ரோம்கள் இருட்டில் இருந்தாலும் சிவந்துபோயிருக்கும். நீலமும் பச்சையும் முதலில் விடைபெற்றுவிடும். அப்படிச் சிவந்தவற்றையும், பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிப்பவற்றையும் வரிசையில் முதலில் வையுங்கள். அந்த வாடை வந்தால் ஃபிலிமின் அடித்தளமே சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தனியாகப் பிரித்தும் வையுங்கள், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

பழைய கூல்ஸ்கேன் வாங்கலாமா?

நிகான் இந்த வகை ஸ்கேனர்களைத் தயாரிப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தும் செகண்ட்ஹேண்டில் மவுசு குறையவில்லை. வாங்குவதாக இருந்தால் நேரில் போய், உங்கள் ஸ்லைடையே போட்டுப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உள்ள படம் சிறந்தது. வெள்ளையைச் சுற்றிப் புகைமூட்டம் போலத் தெரிந்தால் உள்ளே கண்ணாடியில் தூசி படிந்திருக்கிறது. சுத்தம் செய்யத் தெரிந்தவர் கிடைத்தால் சரி, இல்லையென்றால் தலைவலி.

இணைப்பையும் பாருங்கள். கூல்ஸ்கேன் 5-ம், 5000-ம் யு.எஸ்.பி-யில் இயங்கும். 4000-மும், 9000-மும் ஃபயர்வயர் கேட்கும், இன்றைய லேப்டாப்பில் அந்த ஓட்டையே கிடையாது. நிகானின் சொந்த மென்பொருள் புதிய கணினிகளில் சரியாக ஓடாது. 'வியூஸ்கேன்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கம்பெனிகளே கைவிட்ட பழைய ஸ்கேனர்கள் பலவற்றை இயக்கும். எந்த செகண்ட்ஹேண்ட் ஸ்கேனராக இருந்தாலும் அதன் பெயர் வியூஸ்கேன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள்.

ஸ்டுடியோவில் கொடுத்துவிடலாமே?

கொடுக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு ஸ்லைடுக்கு 30 ரூபாய் என்றால் 300 ஸ்லைடு 9,000 ரூபாய். அந்தக் காசுக்கு நல்ல ஸ்கேனர் வராது, கொடுத்துவிடுவதே லாபம். 3,000 ஸ்லைடு என்றால் 90,000. அப்போது சொந்தமாகக் கருவி வாங்குவது நியாயம். கொடுப்பதாக இருந்தால் முதலில் பத்தை மட்டும் கொடுங்கள். எந்தக் கருவி, எத்தனை டி.பி.ஐ, டிஃப் கோப்பு தருவார்களா, அகச்சிவப்புச் சுத்தம் உண்டா, வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். "எல்லாம் ஹெச்.டி குவாலிட்டி சார்" என்பது பதில் அல்ல. வெளியூர் அனுப்புவதாக இருந்தால் என் மனசு ஒப்பாது. நகலே இல்லாத பொருள் அது.

ஊதுங்கள், ஆனால் வாயால் அல்ல

ஸ்கேன் செய்வதற்கு முன் ரப்பர் பல்ப் வைத்த ஊதுகருவியால் இரண்டு பக்கமும் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி விழும், பிறகு அதுவே கறை. மிருதுவான பிரஷ் போதும், ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

கடலோர ஊர்களில் பெரிய வில்லன் பூஞ்சை. ஸ்லைடில் சிலந்திவலை மாதிரி கிளை கிளையாகத் தெரியும். பார்த்ததும் ஈரத் துணியை எடுக்காதீர்கள். படத்தைத் தாங்கியிருப்பது ஜெலட்டின், பூஞ்சை தின்பதும் அதைத்தான். பூஞ்சை பிடித்த ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரைந்து படத்தோடு வந்துவிடும். அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு கணினியில் சரிசெய்வதே பாதுகாப்பு. சில ஸ்லைடுகளை இரண்டு மெல்லிய கண்ணாடிக்கு நடுவில் வைத்திருப்பார்கள். அவற்றை அப்படியே ஸ்கேன் செய்தால் வானவில் வளையங்கள் விழும். கண்ணாடியைக் கவனமாகப் பிரித்து, ஃபிலிமைப் புதிய பிளாஸ்டிக் சட்டத்தில் மாட்டுங்கள்.

இடம் வலம் மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபிலிமில் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். எந்தப் பக்கம் மேலே என்று கருவியின் கையேடு சொல்லும். சந்தேகம் வந்தால் படத்திலேயே சாட்சி இருக்கும். கடைப் பலகை எழுத்து, சட்டைப் பை, காரில் ஸ்டீயரிங், கைக்கடிகாரம். அம்மாவின் முந்தானை இடது தோளில் இல்லாமல் வலது தோளில் விழுந்தால் பெரும்பாலும் ஸ்லைடு திரும்பியிருக்கிறது.

பெயர் இல்லாத படம்

சட்டத்தின் மேல் எழுதியிருப்பதை விட்டுவிடாதீர்கள். பல கோடாக் சட்டங்களில் லேபில் கழுவிய மாதமும் வருடமும் அச்சாகியிருக்கும். படமெடுத்த தேதி அல்ல, ஆனாலும் அதற்கு முன்புதான் என்று உறுதி. அப்பா பென்சிலில் "கொல்லிமலை, மழைக்குப் பின்" என்று எழுதியிருக்கலாம். 20 ஸ்லைடுகளை வரிசையாக வைத்துச் சட்டங்களை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் வரிசை எண் எழுதி, அதே எண்ணைக் கோப்பின் பெயரிலும் வையுங்கள். 1978_கொல்லிமலை_0412 என்பது போல. வருடம் தெரியாவிட்டால் 197ஃ என்று ஏதாவது ஒரு குறி வைத்துக்கொள்ளலாம். ஸ்கேனர் தானாக வைக்கும் பெயரை அப்படியே விட்டால் ஆறு மாதத்தில் உங்களுக்கே புரியாது.

பெரியவர்களிடம் ஒரே நாளில் 300 படம் காட்டாதீர்கள். 40-க்கு மேல் போனால் அவர்களுக்கும் களைப்பு, பதிலும் "யாரோ" என்று ஆகிவிடும். முதலில் தெரியாது என்ற முகம், அடுத்த வாரம் அத்தையோ சித்தப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்தால் திடீரென்று நினைவுக்கு வரும். "இது யாரு?" என்பதைவிட "இது எங்க எடுத்தது, அன்னிக்கு வேற யாரெல்லாம் வந்திருந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கதையே வரும். ஆடியோவில் "படம் 412" என்று எண்ணைச் சொல்லிவிட்டுப் பேசச் சொன்னால் பிறகு பொருத்துவது சுலபம்.

சேமிக்கும் விஷயத்தில், 4000 டி.பி.ஐ-யில் 16 பிட் டிஃப் கோப்பு ஒன்று 128 எம்.பி வரும். ஆயிரம் படத்துக்கு 128 ஜி.பி. இரண்டாவது சுற்றில் தேர்ந்தெடுத்தவற்றுக்கு மட்டும் டிஃப், மற்றதற்கு உயர்தர ஜேபெக் போதும். வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க், கிளவுடில் ஒரு பிரதி, வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டில் ஒரு டிஸ்க் என மூன்று இடத்தில் இருக்கட்டும்.

ஸ்லைடுகளை ஸ்கேன் முடிந்ததும் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல கருவி வரலாம், ஹார்டு டிஸ்க் போகலாம். பி.வி.சி உறைகள் நாளடைவில் ஃபிலிமோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பாலிப்ரோப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு போட்டு, மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில், நடுத் தட்டில் வையுங்கள். நாப்தலின் உருண்டை வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை டப்பாவைத் திறந்து, நீலம் வெளுத்த சிலிகா ஜெல்லை மாற்றிவிட்டு மூடுங்கள்.